ஞாயிற்றுக்கிழமை எழுதிய வரி

கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நடுவக்குளம் பேரூர் ஐந்தாம் வார்டு அசைவுக் குழுவின் தலைவர் ரஹ்மத்துன்னிசா, கிழக்குச் சுவரோரம், நின்றபடி. மனுதாரர் அழகுமீனாள், வாசலைப் பார்த்து, மர நாற்காலியில் அமர்ந்தபடி. எதிர்த்தரப்பு சந்தனமாரி, ஜன்னல் பக்கம், நின்றபடி. குழுவின் கடித எழுத்தர் தேவசகாயம் ஆகிய நான், நெஞ்சுயர மேசைக்குப் பின்னால், நின்றபடி. அமர்ந்தவர் எண்ணிக்கை: ஒன்று. தொடங்கிய நேரம் வியாழன் காலை ஒன்பது ஐந்து.

எந்தக் கூட்டக் குறிப்பையும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. இருபத்தாறு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். பெரும்பாலும் அமர்ந்தவர் எவருமில்லை என்றே எழுதியிருக்கிறேன். குழு அலுவலகத்தில் இருப்பது ஒரே நாற்காலி. அது அலமாரிக்குள் பூட்டியிருக்கும். அனுமதிச் சீட்டோடு வருபவருக்கு மட்டும் வெளியே எடுத்துப் போடுவோம். அன்று எடுத்தபோது அதன் கால்களுக்கு நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. துடைத்துப் போட்டேன்.

அழகுமீனாளிடம் இருந்தது பச்சைச் சீட்டு. கணவனோ மனைவியோ, பெற்றவரோ பிள்ளையோ இறந்தால் பதினாறு நாள் துக்க அமர்வு உண்டு. அதுவரை அவர்கள் காலிலுள்ள கெண்டைக்காப்பு உறங்கும். மற்ற மூவர் காலிலும் அது விழித்திருந்தது. கெண்டைச் சதையை ஒட்டி இரண்டு விரல் அகலத்தில் கிடக்கும் இந்த உணரி, உடம்பு உட்கார்ந்ததும் எண்ணத் தொடங்கும். இருபதாவது நிமிடம் அதிரும். இருபத்தைந்தில் சதையைச் சுண்டி இழுக்கும். எங்கள் ஊரில் இதைச் சுருக்கமாகக் காப்பு என்பார்கள். கோபம் வந்தால் விலங்கு என்பார்கள்.

தலைவர் வழக்கம்போல் பத்து முறை குதிகால் உயர்த்தச் சொன்னார். மூவரும் உயர்த்தினோம். நாற்காலியிலிருந்த அழகுமீனாளின் குதிகால்களும் பழக்கத்தில் இரண்டு தடவை எழுந்தன. பிறகு அவள் கீழே குனிந்து பார்த்தாள், அவை நின்றன.

மனு ஒரே வாக்கியம்தான். ஐந்தாம் வார்டு திட்டப் பலகையில் சந்தனமாரி எழுதித் தொங்கவிட்டிருக்கும் திட்டத்திலிருந்து ஒரு வரியை அடிக்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்காகத் திட்டப் பலகை பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஞாயிறு மதியத்துக்குள் அடுத்த ஏழு நாளுக்கான திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். தாளில் இரண்டு பத்தி. இடப்பக்கம் "இது நடந்தால்". வலப்பக்கம் "இதைச் செய்வேன்". "நிறைய நடப்பேன்" என்று எழுதுகிறவர் நடப்பதில்லை என்பதை அரசு வெகு முன்பே கண்டுகொண்டது. "பால் அடுப்பில் ஏறினால் பொங்கும்வரை சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பேன்" என்று எழுதுகிறவருக்கு, பால் ஏறியதும் கால் தானாகக் கிளம்பிவிடுகிறது. உட்காருவதற்கும் இதே தாள்தான். எங்கே, யாரோடு, எதன்பொருட்டு, எவ்வளவு நேரம். எழுதி உட்கார்ந்தால் வாரத்துக்கு முப்பது மணி நேரம்வரை காப்பு சுண்டாது, கேள்வியும் இல்லை. எழுதாமல் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம்தான். எல்லோர் தாளும் வார்டு அலுவலக வெளிச்சுவரில் தொங்கும்; வாரம் முடிந்த தாளும் ஒரு வருடம்வரை புதியதன் அடியில் தொங்கும். யாரும் யாருடையதையும் படிக்கலாம்; படித்துவிட்டு, "என்ன, நேத்து சாயங்காலம் தண்ணித்தொட்டிப் படியில ஒம்ம காணோம்?" என்று கேட்கலாம். கேட்பார்கள் என்பதற்காகவே பாதிப் பேர் ஏறுகிறார்கள்.

சட்டத்தைக் குறை சொல்ல என்னிடம் எதுவுமில்லை. வேலையும் கடையும் பள்ளியும் திரைக்குள் வந்தபின் மனிதர் எழுந்திருக்க வேண்டிய காரணங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. என் அப்பா நாற்பத்தொரு வயதில் ஆறு படி ஏற இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார். நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் நடுநிலைப் பள்ளியின் பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று எங்கள் வார்டில் ஊன்றுகோல் வைத்திருப்பவர் ஐந்து பேர்தான்.

அதில் சந்தனமாரிக்குப் பெரும் பங்கு உண்டு. அவள் உரிமம் பெற்ற திட்டத்துணை. தானாக எழுத வராதவர்கள் நாற்பத்து மூன்று பேருக்கு வாரா வாரம் உட்காராமல் நின்று எழுதிக் கொடுப்பாள். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அவள் பார்ப்பது செருப்பு எங்கே கிடக்கிறது, தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். பிறகு குடத்தை இரண்டு அறை தள்ளி வைத்துவிட்டு, "தாகம் எடுத்தால்" என்று இடப்பக்கத்தில் எழுதுவாள். தலைவருக்கும் அவள்தான் எழுதுகிறாள். எதையும் விடமாட்டாள். மழை வந்தால், மின்சாரம் போனால், மருமகன் சொல்லாமல் வந்து நின்றால் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வரி உண்டு.

அழகுமீனாளின் கணவர் பேச்சிமுத்துவும் அந்த நாற்பத்து மூவரில் ஒருவர். நுரையீரல் கெட்டு இரண்டு வருடமாகப் படுக்கை. கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஆறு அடி. "கொக்கு கத்தினால் ஜன்னலுக்குப் போவேன்" என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். மேலத்தெரு வீட்டுக்குப் பின்னால் குளம். காலையில் கொக்கு கத்தும். ஆக்சிஜன் குழாயோடு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் காலை கொக்கு கத்தியபோது அவர் எழவில்லை.

"வரியைப் படிங்க, தேவசகாயம்" என்றார் தலைவர்.

படித்தேன். "மேலத்தெரு பேச்சிமுத்து வீட்டில் துட்டி நேர்ந்தால், அழகுமீனாள் பக்கத்தில், தரையில், மூன்று நாளில் இருபத்தேழு மணி நேரம் உட்காருவேன்." துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. எழுதிய நாள், அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முந்தைய ஞாயிறு, காலை பத்து நாற்பது.

படித்து முடித்ததும் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். ஞாயிறு வந்த தாள்களைச் சரிபார்த்து முத்திரை வைப்பவன் நான். அந்த வரியை முதலில் படித்தவனும் நானே. நிபந்தனை, இடம், ஆள், நேரம் நான்கும் சரியாக இருந்தன. முத்திரை வைத்துச் சுவரில் மாட்டினேன். அப்போது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அழகுமீனாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தோணலேன்னா பரவால்ல, அண்ணாச்சி. நீங்க ஆபீஸ். இவ யாரு? ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து என் பக்கத்துல நின்னவ."

"நீயே சொல்லும்மா. எப்ப பாத்தே இதை?" என்றார் தலைவர்.

"சனிக்கெழம. சாவு பதிய இங்க வந்தேன். பதிஞ்சுட்டு வெளிய வாரேன், செவத்துல அவுக பேரு தெரிஞ்சுது. சரி, அவுக தாளைத்தான் இன்னும் எடுக்கல போலன்னு கிட்டப் போயிப் பாத்தேன். இவ தாளு." அவள் சந்தனமாரியைப் பார்க்காமலே பேசினாள். "நான் அந்த மூணு நாளும் என்ன நெனச்சேன் தெரியுமா, அக்கா? ஊரே வந்துச்சு. வந்து என்ன செஞ்சுது? வீட்டச் சுத்திச் சுத்தி நடந்துச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் வாசல்ல வந்து ரெண்டு வார்த்த. 'மனசத் தேத்திக்கோ மீனா.' அடுத்த சுத்து. 'கஞ்சி குடிச்சியா மீனா.' அடுத்த சுத்து. எங்க அண்ணன்கூட நடந்துக்கிட்டேதான் அழுதான். தல சுத்தி எனக்குக் கண்ண இருட்டிட்டு வந்துச்சு."

துட்டி வீடுகளில் இது சாதாரணம். சாவை யாரும் ஞாயிற்றுக்கிழமைத் தாளில் எழுதுவதில்லை. எழுதாததால் உட்கார முடியாது. மூன்று மணி நேர ஒதுக்கீட்டைப் பலர் திங்களன்றே எங்காவது செலவழித்திருப்பார்கள். ஆகவே வீட்டைச் சுற்றி நடப்பார்கள். பேச்சிமுத்து வீட்டைச் சுற்றி அந்த மூன்று நாளில் தடம் விழுந்து செம்மண் தெரிந்தது.

"இவ மட்டுந்தான் வந்து உக்காந்தா" என்று தொடர்ந்தாள் அழகுமீனாள். "ஒண்ணும் பேசல. பக்கத்துல உக்காந்தா, தோளு படுத மாதிரி. இருவது நிமிசம் ஆச்சு, எந்திரிக்கல. ஒரு மணி நேரம் ஆச்சு, எந்திரிக்கல. காப்பு சுண்டுமே, வலிக்குமேன்னு எனக்கு அந்த நேரத்துலயும் ஒரு நெனப்பு. போடி போடின்னு தள்ளுனேன், போவல. எனக்காக வலியத் தாங்கிட்டு இருக்கான்னு நெனச்சேன். மூணு நாளும் அத நெனச்சுத்தான் உசுரோட இருந்தேன்."

"காப்பு சுண்டல" என்றாள் சந்தனமாரி. கூட்டம் தொடங்கி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"ஆமா. எப்படிச் சுண்டும்? அதான் எழுதி வச்சுட்டு வந்திருக்கியே."

தலைவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றினார். அவர் முப்பது வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சாவு வீட்டுக்காரர்களிடம் பேசிப் பழகியவர்.

"மீனா, சட்டப்படி இதுல ஒரு தப்பும் இல்லையேம்மா. எழுதுனா, உக்காந்தா."

"தப்புன்னு நான் சொல்லல. அடிங்கன்னு சொல்லுதேன்." அவள் குரல் உயரவில்லை. "அக்கா, திங்கக்கெழம சாயங்காலம் இவ எங்க வீட்டுக்கு வந்தா. அவுக கையப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணே, இந்த வாரம் ஏழாவது அடி. ஜன்னலத் தாண்டிக் கதவு வரைக்கும்'னு சொன்னா. அவுக சிரிச்சாக. நானும் சிரிச்சேன். காப்பி போட்டுக் குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போனா. ஞாயித்துக்கெழமயே இத எழுதிச் செவத்துல மாட்டிட்டு வந்து, திங்கக்கெழம எங்கிட்டக் காப்பி குடிச்சிருக்கா."

"ஏழு அடியும் எழுதினேன்" என்றாள் சந்தனமாரி. "உங்க வீட்டுக்காரரு தாளுல. 'கொக்கு கத்தினா கதவு வரைக்கும் போவேன்.' அதுவும் அதே ஞாயித்துக்கெழம, அதே பேனா."

"எங்க இருக்கு அந்தத் தாளு?"

இறந்தவரின் திட்டம் ஒரு நாளுக்குள் அகற்றப்பட்டுவிடும். அகற்றியதும் நானே. அதைச் சொன்னேன்.

"பாத்தியா" என்றாள் அழகுமீனாள். "நடக்குறேன்னு எழுதினது போயிட்டு. சாவாகன்னு எழுதினதுதான் நிக்கு."

சந்தனமாரி ஜன்னலிலிருந்து நகர்ந்து இரண்டு அடி முன்னால் வந்தாள். "ஏட்டி, நான் எழுதுததுக்கு மொத நாளு சனிக்கெழம அவரு காலைப் பாத்தேன். வீங்கியிருந்துச்சு. நகம் நீலம். இத்தன பேரு காலப் பாத்தவளுக்குத் தெரியாதா? வீட்டுக்குப் போனேன். நடந்துட்டா என்ன செய்யப்போறேன்னு யோசிச்சேன். உங்கம்ம செத்தப்ப நானும் ஊரோட சேந்து வீட்டச் சுத்தி நடந்தவதான். பதினேழு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனேன். இந்தத் தடவ அப்படி ஆவக் கூடாதுன்னு எழுதினேன். எழுதாம விட்டிருந்தா நானும் சுத்திக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."

"சுத்தியிருக்கலாம்" என்றாள் அழகுமீனாள். "எழுதினதுக்குப் பதிலா நீயும் சுத்தியிருக்கலாம்."

"மூணு மணி நேரத்துக்கு மேல எழுதாம உக்காந்தா என்ன ஆகும்னு தெரியும்லா உனக்கு?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்த வரி அங்க தொங்குத வரைக்கும் அவுக ஞாயித்துக்கெழமயே போயிட்டாக. திங்கக்கெழம சிரிச்சது யாருன்னே எனக்குத் தெரியல."

நான் இதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

தலைவர் என்னிடம் விதியைப் படிக்கச் சொன்னார். பிறர் வீட்டின் பெயரைத் தாளில் எழுதினால், அந்த வீட்டுக்காரர் அதை அடிக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுதியவர் மறுப்புத் தெரிவித்தால் மனு மாவட்ட அசைவு மையத்துக்கு விசாரணைக்குப் போகும். தீர்ப்பு வரும்வரை வரி நிற்கும். மறுப்பு இல்லையென்றால் அன்றே அடிக்கப்படும். அடிக்கப்பட்ட வரி எழுதப்படாத வரியாகவே கொள்ளப்படும்.

"கடைசி வாக்கியம் காதுல விழுந்துச்சா மீனா?" என்றார் தலைவர். "எழுதப்படாத வரின்னா, இவ உக்காந்த இருபத்தேழு மணி நேரமும் எழுதாம உக்காந்ததா ஆயிடும். மூணுக்கு மேல இருபத்து நாலு. பத்து மணி நேரம் தாண்டினாலே சொந்தத் திட்டம் போயிடும். ரெண்டு வருஷம் சர்வர் திட்டம்."

சர்வர் திட்டம் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எப்போது எழ வேண்டும், எந்தத் தெருவில் எத்தனை அடி வைக்க வேண்டும் என்பதை மாவட்ட மையத்தின் கணினியான சர்வர் சொல்லும். காப்பு இழுத்துக்கொண்டு போகும். வீட்டிலுள்ள இருக்கைகளைச் சர்வரே திறக்கும், பூட்டும். பேச்சை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போக வேண்டியிருக்கும். அப்படிப் போகிறவர்களைப் பார்த்துப் பிள்ளைகள், "சர்வர் காலு வருது, வழி விடு" என்று கத்துவார்கள். சொந்தமாகத் திட்டம் எழுதும் உரிமை இல்லாதவர் பிறருக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

அழகுமீனாள் இதை எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. கையிலிருந்த பச்சைச் சீட்டை மடித்தாள், பிரித்தாள்.

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம். உரிமமும் போயிடும். நாப்பத்திரண்டு பேரு இவள நம்பி நடக்கோம், நான் உள்பட." தலைவர் சந்தனமாரியின் பக்கம் திரும்பினார். "நீ மறுப்பு எழுதும்மா. மாவட்டத்துல உன் பக்கம்தான் தீர்ப்பு வரும். தாளுல ஒரு குறை கெடையாது. மீனாவுக்கும் ரெண்டு மாசம் போனா மனசு ஆறும்."

"ஆறாது" என்றாள் அழகுமீனாள். "ரெண்டு வருஷம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள். "இப்பவும் அடிக்கத்தான் கேக்கேன்."

தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சந்தனமாரி, மறுப்பு உண்டா?"

அவளை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். பதில் சொல்லுமுன் மனதுக்குள் இரண்டு பத்தியும் போடுகிறவள். மறுத்தால் என்ன, மறுக்காவிட்டால் என்ன என்று அவள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். மேசைக்கு வந்து அந்தத் தாளைக் கேட்டாள். கொடுத்தேன். வரியை ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுதினதாலதான் உக்கார முடிஞ்சுது. உக்காந்தாச்சு. இனிமே அந்த வரி எதுக்கு? அடிச்சிருங்க, அண்ணாச்சி."

"ஏய், யோசிச்சுச் சொல்லு" என்றார் தலைவர்.

"யோசிச்சுட்டேன், அக்கா. உங்களுக்கு எழுத ஆறாம் வார்டுல ஒரு பையன் இருக்கான். அவசரக்காரன். உங்க முட்டி வலிய மறந்துருவான், நீங்கதான் ஞாபகப்படுத்தணும்."

"என் முட்டி கெடக்குது."

"கெடக்கட்டும்னு விட்டா நாளைக்கு நீங்க நடக்க மாட்டீக."

தலைவர் எனக்குத் தலையசைத்தார். சிவப்பு மையால் வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நாளும் நேரமும் போட்டேன். ஒன்பது ஐம்பத்தெட்டு. அந்தக் கணத்திலிருந்து அந்த வரி எழுதப்படவில்லை.

பிறகு கடிதம். ஒருவர் உரிமையைப் பறிக்கும் எந்தச் செய்தியும் மின்வழியில் போகக் கூடாது; கையால் எழுதி, கால்நடையாகவே கொண்டுசேர்க்க வேண்டும் என்பது சட்டத்தை எழுதியவர்கள் வைத்த ஏற்பாடு. பெறுநர், மாவட்ட அசைவு மையத்தின் பதிவாளர். பொருள், ஐந்தாம் வார்டு சந்தனமாரியின் திட்டமிடா அமர்வு, இருபத்தேழு மணி நேரம். மூன்றாவது பத்தியில் காரணம் எழுத வேண்டும். திட்டமிடாமல் உட்கார்ந்தவர் தம் வாயால் சொல்வதை மாற்றாமல் எழுத வேண்டும். நேரில் கண்டவர் ஒருவர் அது உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"காரணம் சொல்லணும்" என்றேன்.

இருபது வருடமாகச் சந்தனமாரி எழுதிய ஒவ்வொரு வரியும் "நடந்தால்" என்று தொடங்கியது. இது நடந்து முடிந்த ஒன்று. அவளுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை என்றே நினைத்தேன்.

"களைப்புன்னு போட்டா ஒரு வருஷமாக் குறைப்பாங்க" என்றார் தலைவர், மெதுவாக.

"களைப்பு இல்ல." அவள் நாற்காலியின் பக்கம் பார்த்தாள். "எழுதுங்க, அண்ணாச்சி. வாசலுக்குள்ள நுழைஞ்சேன். அவ தரையில உக்காந்திருந்தா. காலு மடங்கிட்டு. உக்காந்துட்டேன். எந்திரிக்கணும்னு தோணல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எழுதினேன். கால் மடங்கியது உண்மையா, இரண்டு நாள் முன்பே முடிவு செய்ததா என்று என் பேனா கேட்கவில்லை. விதிப்படி கேட்கவும் கூடாது. கண்ட சாட்சி என்று ஒருவரைத்தான் அழைக்க முடியும். அந்த மூன்று நாளும் உள்ளே இருந்தது அழகுமீனாள் ஒருத்திதான்.

தாளை நாற்காலிக்குக் கொண்டுபோனேன். அழகுமீனாள் வாங்கி, உதடு அசையப் படித்தாள். மூன்றாவது பத்தியை இரண்டு தடவை படித்தாள்.

"இது உண்மைன்னு நீ கையெழுத்துப் போடணும்" என்றார் தலைவர். "உண்மையில்லேன்னு நெனச்சா போட வேண்டாம். போடலேன்னா கடிதம் போகாது. அடிச்ச வரியும் திரும்ப நின்னுரும்."

அழகுமீனாள் தாளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ பலகையின் முன்னால் நின்று தங்கள் வாரத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போனால், மகள் கூப்பிட்டால், வெயில் தணிந்தால்.

"நீ உள்ள வந்தப்ப என் பக்கத்துல ஒரு சொம்பு இருந்துச்சு" என்றாள் திடீரென்று, சந்தனமாரியிடம். "அது மேல நீ காலை வச்சுட்டே. தண்ணி பூராவும் என் சேலையில."

"ஆமா."

"அதுக்கும் எழுதி வச்சிருந்தியா?"

"இல்ல. அத நான் பாக்கவே இல்ல."

அழகுமீனாள் என்னிடம் பேனா கேட்டாள். நாற்காலிக் கையில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. செல்லுமா என்று கேட்டாள். செல்லும் என்றேன்.

கடிதத்தை மூடுமுன் இருதரப்புக்கும் உரக்கப் படித்துக் காட்டி, மாற்றம் உண்டா என்று மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை கேட்டேன். சந்தனமாரி இல்லை என்றாள். அழகுமீனாள் வேறொன்று கேட்டாள்.

"இது எப்ப போய்ச் சேரும், அண்ணாச்சி?"

"நடைத்தபால் மூணு ஊர்ல கை மாறணும். சனிக்கிழமை மதியம் ஆகும்."

"அதுவரைக்கும் இவ காலு?"

"அதுவரைக்கும் சொந்தத் திட்டம்தான். பதிவாளர் கையில சேந்த பெறகுதான் சர்வர் எடுத்துக்கும்."

அவள் எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள்கணக்கில் உட்கார்ந்தே இருந்த கால் லேசாகத் தள்ளாடியது. சந்தனமாரி கையை நீட்டவில்லை. நீட்டலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"மத்தியானம் வீட்டுக்கு வா" என்றாள் அழகுமீனாள்.

"ஏட்டி, இந்த வாரத் தாளுல உன் வீடு இல்லையே."

"இல்லேன்னு பாத்துட்டுத்தான் வரச் சொல்லுதேன்."

எழுதாத அமர்வில் சந்தனமாரிக்கு அந்த வாரம் இன்னும் இரண்டு மணி நாற்பது நிமிடம் மீதி இருந்தது. பதிவேடு எனக்கு முன்னால் திறந்து கிடந்தது. அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை கேட்டேன். மாற்றம் இல்லை. கூட்டம் பத்து இருபத்தாறுக்கு முடிந்தது என்று எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, தாளை மூன்றாக மடித்தேன். உறைக்குள் வைத்துப் பசை தடவி ஒட்டினேன். மடிப்பின் மேல் குழு முத்திரையை அழுத்தினேன். பசை காயும்வரை விரலை எடுக்கவில்லை. நடைத்தபால்காரர் வாசலில் நின்றபடியே பையை விரித்தார். போட்டேன். அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு கிழக்கே நடந்தார்.